ஊரே ஓடியபோது உடனிருந்தவர் – புனித யோசேவ் வாஸ் அடிகளார்



ஒவ்வோர் ஆண்டும் சனவரி 16ஆம் நாளில் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் விழாவை இலங்கைத் திருஅவையும் கோவாத் திருஅவையும் சிறப்பாகக் கொண்டாடுகின்றன. தமிழகத்தில் அது பொங்கலை ஒட்டி வரும் நாள் என்பதால், நம் பங்குகளில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் இந்தப் புனிதர் நமக்கு அந்நியர் அல்லர். தூத்துக்குடிக் கரையிலிருந்து படகேறியவர் அவர். நம் தாய்மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே மக்களின் பாவ அறிக்கைகளைக் கேட்டவர். குருக்களே இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தவித்த யாழ்ப்பாணத் தமிழ் மக்களைத் தேடிச் சென்றவர்.

பிறரன்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். மறையுரைகளிலும் தவக்காலத் தியானங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் அந்தச் சொல் அதிகமாக ஒலிக்கிறது. ஆனால் அடுத்திருப்பவர் யார் என்ற கேள்வி எழும்போது நாம் நம்மை அறியாமலே ஒரு பட்டியல் போட்டு விடுகிறோம். நம் உறவினர், நம் சாதியார், நம் பங்கு மக்கள், நமக்கு நன்மை செய்தவர்கள் என்று அந்தப் பட்டியல் முடிந்து விடுகிறது. அந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்ட ஒரு மனிதரின் வாழ்வை இங்கு நாம் சிந்திப்போம்.

பிறப்பும் அழைப்பும்

யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பம் அது. பக்தியுள்ள பெற்றோர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த அன்றைய கோவாவில் குலப்பெருமை மிகவும் வலுவாக இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் மக்கள் தங்கள் குலத்தைச் சொல்லியே பெருமைப்பட்டுக் கொண்டார்கள். மறுபக்கம், ஐரோப்பியத் துறவற சபைகளில் இந்திய மண்ணின் மைந்தர்களுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. மேலே ஒரு சுவரும் கீழே ஒரு சுவருமாக எழுப்பப்பட்டிருந்த சமூகத்தில்தான் அவர் வளர்ந்தார்.

1676இல் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டு, அதாவது 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், தம்மை அன்னை மரியாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஆவணம் எழுதிக் கையெழுத்திட்டார். உயர்குலத்தில் பிறந்த ஓர் இளம் குரு, தம்மை அடிமை என்று எழுதிக் கொடுத்தது வெறும் பக்தி முயற்சி அல்ல என்பதை அவரது பிற்கால வாழ்வு காட்டியது. காலணி இல்லாமல் நடந்தார். எளிய உடை அணிந்தார். 1681 முதல் 1684 வரை கானராப் பகுதியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களிடையே பணியாற்றினார். கோவாவுக்குத் திரும்பியபின், 1685இல் இந்தியக் குருக்கள் சிலருடன் சேர்ந்து புனித பிலிப் நேரியின் வழியில் ஒரட்டோரியன் இல்லத்தைக் கட்டியெழுப்பி, அதன் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

அவர் அங்கேயே இருந்திருக்கலாம். நல்ல இல்லம், நல்ல தோழர்கள், நல்ல பெயர் எல்லாம் இருந்தன. ஆனால் இலங்கையிலிருந்து வந்த செய்தி அவரை அமைதியாக இருக்க விடவில்லை.

கூலியாளாகக் கடல் கடந்தவர்

1658இல் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்கள் கால்வினிய சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். ஆலயங்களைப் பறித்துக் கொண்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். அதன்பின் பிறந்த ஒரு தலைமுறை, திருப்பலி என்றால் என்னவென்று கண்ணால் காணாமலேயே வளர்ந்தது. பாட்டியும் தாயும் சொல்லிக் கொடுத்த செபங்களும் வீட்டில் மறைத்து வைத்த செபமாலையும்தான் அவர்களுடைய விசுவாசத்தைக் காத்தன.

1686இல் அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாளர் உடன் வந்தார். கடற்கரை வழியாகத் தெற்கே வந்து தூத்துக்குடியை அடைந்தார்கள். குருவின் உடையில் சென்றால் கரை இறங்க முடியாது. எனவே கூலியாளின் கந்தலை உடுத்திக் கொண்டு 1687இல் படகேறினார். துன்பமான கடல் பயணத்தின் முடிவில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஊர் தெரியாது, உறவு கிடையாது, கையில் காசும் இல்லை. அந்நிலையில் அவர் உயிர் பிழைத்தது, முகம் தெரியாத எளிய மக்கள் கொடுத்த கஞ்சியால்தான் என்று அவரது வாழ்க்கை வரலாற்றைச் சொல்வோர் கூறுகின்றனர். பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்கு அடுத்தவராக மாறிய மனிதர், முதலில் அடுத்தவரின் இரக்கத்தைப் பெற்றுப் பிழைத்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

நலம் பெற்றபின் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண்கள் கலங்குகின்றன என்று பார்த்தார். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டார். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள சில்லாலை என்னும் ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சு ஆட்சியாளர்கள் வழிபாட்டுக்குக் கூடிய மக்களைச் சுற்றி வளைத்துக் கைது செய்தார்கள். அடிகளார் அவர்கள் கையில் சிக்கவில்லை. ஆனால் மக்கள் தண்டனை அனுபவித்தார்கள். 1690இல் அவர் கண்டி அரசின் எல்லைக்குள் இருந்த புத்தளத்துக்குச் சென்றார்.

சிறையில் கற்ற மொழி

1692இல் அவர் கண்டி மாநகருக்குப் போனார். அங்கே பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆட்சி செய்தார். அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டுப் புராட்டஸ்தாந்து ஒருவர், இவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று மன்னரிடம் பழி சுமத்தினார். அடிகளார் சிறையில் அடைக்கப்பட்டார்.

செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற ஒருவர் என்ன செய்வார்? மனம் கசந்து போவார், அல்லது தப்பிச் செல்லும் வழியைத் தேடுவார். அடிகளார் சிங்கள மொழியைக் கற்றுக் கொண்டார். தம்மைக் காவலில் வைத்திருந்த மக்களின் மொழி அது. எந்த மக்கள் தம்மைச் சந்தேகித்தார்களோ அந்த மக்களோடு பேச வேண்டும் என்று அவர் விரும்பினார். காவலில் இருந்த இடத்திலேயே ஒரு சிறு குடிசை ஆலயத்தையும் அமைத்துக் கொண்டார். நாள்கள் செல்லச் செல்ல, இவர் ஒற்றர் அல்லர், நாணயமான துறவி என்பதை மன்னர் உணர்ந்தார். காவல் தளர்ந்தது. நாட்டைக் கடும் வறட்சி வாட்டியபோது அடிகளார் செபித்ததால் மழை பெய்தது என்ற நிகழ்ச்சியை இலங்கை மக்கள் இன்றும் பக்தியோடு நினைவுகூர்கிறார்கள்.

1697ஆம் ஆண்டு

இனி நாம் சிந்திக்கப் போவது அவருடைய வாழ்வின் மையமான நிகழ்ச்சி.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வைசூரி என்று நம் முன்னோர் அழைத்த நோய் அது. அந்த நோய் 1980இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டு விட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனவே அதன் கொடுமையை இன்றைய இளைஞர் அறியமாட்டார்கள். கடும் காய்ச்சலோடு தொடங்கி, உடல் முழுவதும் சீழ்க் கொப்புளங்கள் எழும். நோயாளியின் மூச்சின் வழியாகவும், கொப்புளத்து நீர் பட்ட துணிகள் வழியாகவும் மற்றவருக்குத் தொற்றும். நோயுற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் இறந்து போவார்கள். பிழைத்தவர்களிலும் பலர் கண்பார்வையை இழந்தார்கள், முகம் முழுவதும் தழும்போடு வாழ்ந்தார்கள். ஜென்னர் தடுப்பு முறையைக் கண்டுபிடித்தது 1796இல்தான். அதாவது கண்டியில் நோய் பரவி ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து.

மருந்து இல்லாத இடத்தில் மக்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஓட்டம். மன்னரும் அரசவையினரும் நகரை விட்டு வெளியேறினார்கள். வசதி உள்ளவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பெற்ற பிள்ளையை, கட்டிய மனைவியை, வயதான தாயை விட்டுச் சென்றார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நாம் எளிதில் தீர்ப்பிட முடியாது. மீதியுள்ள பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பயம் அவர்களை அப்படிச் செய்யத் தூண்டியது.

அடிகளார் ஓடவில்லை. அந்த ஆண்டு கோவாவிலிருந்து வந்து சேர்ந்த யோசேவ் கர்வாலோ அடிகளாரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு, கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார். நோயாளிகளுக்குக் குடிசைகள் அமைத்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். தண்ணீர் சுமந்தார். கொப்புளங்கள் வெடித்த உடல்களைக் கழுவினார். இறந்தவர்களைத் தாமே குழி தோண்டி அடக்கம் செய்தார். நோயாளிகளில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. மிகப் பெரும்பாலோர் பௌத்தர்கள். அவர்களில் பலர், சில ஆண்டுகளுக்கு முன் இவரை அந்நிய ஒற்றர் என்று நம்பியவர்கள். நீ எந்தச் சமயம் என்று கேட்டபின் அவர் யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை.

ஒன்றை நாம் தெளிவாக உணர வேண்டும். யோசேவ் வாஸ் அடிகளார் மறைப்பணியாளர். நற்செய்தியை அறிவிப்பதும், திருமுழுக்குக் கொடுப்பதும் அவர் உயிருக்குயிராக நேசித்த பணி. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஆனால் நோயாளிக்குச் செய்த சேவையை அவர் தூண்டில் இரையாகப் பயன்படுத்தவில்லை. நாளை இறந்து போகப் போகிறவரிடமிருந்து எந்தக் கைம்மாறும் வராது. காட்டில் கிடந்தவரைப் பேணியதால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பலன், தமக்கும் அந்த நோய் தொற்றுவதுதான். அப்படியிருந்தும் அவர் செய்தார் என்றால், காரணம் ஒன்றே. கண்ணில் தெரியும் சகோதரனை அன்பு செய்யாதவன், கண்ணுக்குத் தெரியாத கடவுளை அன்பு செய்ய முடியாது என்று யோவானின் திருமுகம் கற்பிப்பதை அவர் உண்மை என்று நம்பினார்.

அடிகளாரின் தொண்டு இல்லாதிருந்தால் கண்டியின் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்பதை மன்னரே ஏற்றுக்கொண்டதாக மரபு கூறுகிறது. ஒற்றர் என்று சிறையில் அடைத்தவரே, இம்மனிதரின் நாணயத்துக்குச் சாட்சியானார்.

நம்மைத் திருப்பிக் கேட்கும் கேள்வி

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் கேட்கிறார். யாரை நான் அன்பு செய்ய வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்பொருள். ஆண்டவர் எல்லைக்கோடு போட்டுக் காட்டவில்லை. நல்ல சமாரியர் உவமையைச் சொல்லி, அடிபட்டவனுக்கு அடுத்தவராக நடந்துகொண்டவர் யார் என்று கேள்வியையே திருப்பிப் போடுகிறார். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள். யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். அந்த உவமையில் விலகிச் சென்ற குரு, கண்டியில் விலகிச் செல்லவில்லை. குருக்களாகிய நமக்கு இது ஆறுதலும் சவாலும் ஆகும்.

இது பழைய கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. 2020இல் கொரோனா பரவியபோது நாமும் அதே பயத்தைப் பார்த்தோம். அந்த ஏப்ரல் மாதத்தில் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர், ஊழியர் சிலரின் துணையோடு, நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். கண்டி நகரத்தின் அதே ஓட்டமும், ஒரு மனிதரின் அதே துணிவும் நம் கண்முன்னே மறுபடியும் நடந்தன. அந்த நாள்களில் நம் பங்குகளிலும் இளைஞர்களும் அருட்சகோதரிகளும் வீடு வீடாக உணவு கொண்டு சென்றதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அதே நாள்களில், நோய் கண்ட வீட்டின் பக்கம் தலைவைத்துப் படுக்காத பலரும் நம்மிடையே இருந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நோய் மட்டுமா நம்மைப் பிரிக்கிறது? தீண்டுவதற்கே அஞ்சிய உடல்களை அடிகளார் தம் கைகளால் எடுத்து மண்ணில் வைத்தார். நம் மண்ணிலோ சில ஊர்களில், ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களின் உடல்களுக்கு இடையே கூட சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தில் எல்லை வகுத்து வைத்திருக்கிறார்கள். சில ஊர்களில் திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் வர வேண்டும், எந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று சண்டை நடக்கிறது. ஒரே நற்கருணையை உட்கொண்டு வெளியே வந்து, ஆலய வாசலிலேயே நாம் வெவ்வேறு தெருக்காரர்களாகி விடுகிறோம். இதை வைத்துக்கொண்டு நாம் யோசேவ் வாஸ் அடிகளாரின் படத்துக்கு மாலை போட்டால் அவர் மகிழ மாட்டார். குலப்பெருமையைக் கடலுக்கு இந்தப் பக்கமே கழற்றி வைத்துவிட்டுக் கூலியாளாகப் படகேறியவர் அவர்.

எனவே இந்த ஆண்டு ஒவ்வோர் அன்பியமும் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்ளலாம். நம் எல்லைக்குள் தனியாக நோயில் கிடக்கும் ஒருவரை, அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வாரம் ஒருமுறையாவது சென்று பார்ப்போம். வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து நம் ஊர்க் கட்டட வேலையில் இருக்கும் தொழிலாளியிடம் அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்வோம். அடிகளார் சிறையில் ஒரு புதிய மொழியையே கற்றார். நாம் ஒரு பெயரைக் கற்றுக் கொள்வது கடினமா? பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் பக்கத்து வீட்டாரிடம் முதலில் வாய் திறப்பவர் நாமாக இருப்போம்.

இறுதி நாள்கள்

பெரியம்மைக்குப் பின்னும் அடிகளார் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். மாறுவேடத்தில் டச்சுக்காரர்களின் பகுதிகளுக்குச் சென்று மக்களைச் சந்தித்தார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பக்தி நூல்களை எழுதி இரு மக்களுக்கும் பணியாற்றினார். யோசேவ் வாஸ் அடிகளாரை ஆயராக்கும் யோசனை எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. தாம் அடிமை என்று எழுதிக் கொடுத்ததை மறக்கவில்லை போலும். ஒருமுறையேனும் தாயகம் திரும்பவும் இல்லை. 1711 சனவரி 16ஆம் நாள், தம் 59ஆம் வயதில் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் காலப்போக்கில் அந்த இடம் மறைந்து போய்விட்டது. பெயர் தெரியாத எத்தனையோ பேரைத் தம் கையால் அடக்கம் செய்தவரின் கல்லறையும் அவர்களுடையதைப் போலவே அடையாளமின்றிப் போயிற்று.

திருஅவை அவரை மறக்கவில்லை. 1995 சனவரி 21ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நீண்ட உள்நாட்டுப் போரின் காயங்கள் ஆறாத அந்த நாட்டில், சமயப் பிரிவுகளைக் கடந்து எல்லாருக்கும் பணியாற்றியவர் என்று திருத்தந்தை அவரைச் சுட்டிக்காட்டினார். அன்றே தமிழர்களும் சிங்களவர்களும் ஒன்றாக வணங்கும் மடு அன்னையின் திருத்தலத்துக்கும் சென்று செபித்தார்.

அன்புக்குரியவர்களே, நம் விசுவாசம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் ஞாயிறு திருப்பலியில் மட்டும் அளந்துவிட முடியாது. எல்லாரும் விலகிப் போகும் ஒரு வீட்டு வாசலில் நாம் நிற்கிறோமா, நடந்து போய்விடுகிறோமா என்பதில்தான் அது தெரியவரும். அத்தகைய வாசல் ஒன்று நம் ஒவ்வொருவரின் தெருவிலும் இருக்கிறது. அதைக் கடந்து போகாமல் உள்ளே நுழையும் துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.